பாய்லர் வைத்திருப்பவன் பார்வையில் சிறு அணு உலை

ராணிப்பேட்டை சிப்காட்டில் இருபத்திரண்டு ஆண்டுகளாகத் தோல் பதனிடும் ஆலை நடத்தி வருகிறேன். இந்தக் காலத்தில் மூன்று கொதிகலன்கள், நான்கு டீசல் ஜெனரேட்டர்கள், கூரை முழுவதும் சூரியத் தகடுகள், தென்மாவட்டத்துக் காற்றாலை ஒன்றில் குழுப் பங்கு என்று மின்சாரத்துக்காகவும் நீராவிக்காகவும் எத்தனையோ வாங்கியாயிற்று. ஒவ்வொரு முறையும் விற்பவர் கொடுத்த கையேட்டை ஓரமாக வைத்துவிட்டு, அதே இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும் வேறோர் ஆலைக்குப் போய், அங்கிருக்கும் ஆபரேட்டரிடம் அரை மணி நேரம் பேசிய பிறகே முன்பணம் கொடுத்திருக்கிறேன்.

சென்ற மாதம் எங்கள் பகுதித் தொழில் முனைவோர் கூட்டத்தில் ஓர் ஆலோசகர் சிறு அணு உலையைப் பற்றி ஒரு மணி நேரம் விளக்கினார். காற்றாலையில் பங்கு எடுத்ததைப்போலவே இதிலும் பல ஆலைகள் சேர்ந்து பங்கு எடுக்கலாம், 26 விழுக்காடு முதலீடும் 51 விழுக்காடு நுகர்வும் நம்முடையதாக இருந்தால் சொந்தப் பயன்பாட்டு மின்சாரமாகக் கணக்கில் வரும், இரவும் பகலும் ஒரே சீராகக் கிடைக்கும் என்றார். அவர் சென்ற பிறகு, கொதிகலன் வாங்கும்போது நான் கேட்கும் கேள்விகளையே இந்த இயந்திரத்திடமும் கேட்டுப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். அதன் விளைவே இந்த மதிப்பீடு. தொடங்குவதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: இந்த இயந்திரம் வெற்றி பெற வேண்டும் என்றே மனதார விரும்புகிறேன். ஆடிக் காற்று ஓய்ந்து, சூரியன் சாய்ந்த பின் வரும் மாலை நேரத்தில் மின்சாரம் எங்களுக்குக் கூடுதல் கட்டணத்தில் கிடைக்கிறது. சாயமேற்றும் டிரம் சுழன்றுகொண்டிருக்கும்போது மின்சாரம் போனால், தோலில் சாயம் திட்டுத்திட்டாகப் பிடித்து, அந்தச் சரக்கு முழுவதும் இரண்டாம் தரமாகிவிடும். 2024 மே 2 அன்று தமிழகத்தின் மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அந்தக் கோடையை வேலூர்ப் பக்கம் கழித்தவர்களுக்கு அந்த எண்ணின் பொருளை விளக்க வேண்டியதில்லை.

சிறு அணு உலை என்றால் என்ன என்பதில் முதலில் தெளிவு வேண்டும். ஓர் அலகுக்கு 300 மெகாவாட் வரை மின்சாரம் தருவதைப் பன்னாட்டு அணுசக்தி முகமை இந்த வகையில் சேர்க்கிறது. கூடங்குளத்தில் ஓர் அலகு 1,000 மெகாவாட். ஆகவே சிறியது என்ற சொல் அணுசக்தி உலகத்தின் அளவுகோலில் சிறியது என்று மட்டுமே பொருள்படும். எங்கள் ஊர் அளவுகோலில் அது பெரிய இயந்திரம்தான். இந்தியாவில் இப்போது பேசப்படுபவை முக்கியமாக மூன்று. முதலாவது பாரத் சிறு உலை. கல்பாக்கத்திலும் கைகாவிலும் ஓடும் அதே 220 மெகாவாட் கனநீர் (கனமான ஹைட்ரஜன் கொண்ட நீர்) உலையை, குறைந்த நிலத்தில் அமையும்படி திருத்தித் தருவது. 2024 ஜூலை நிதிநிலை அறிக்கையில் இந்தப் பெயர் முதன்முதலாக இடம்பெற்றது. இரண்டாவது பாபா அணு ஆராய்ச்சி மையம் வடிவமைக்கும் 200 மெகாவாட் உலை. மூன்றாவது அதே மையத்தின் 55 மெகாவாட் உலை. பின்னவை இரண்டும் சாதாரண நீரையும் சற்றுச் செறிவூட்டிய (எளிதில் பிளவுபடும் வகையின் பங்கைக் கூட்டிய) யுரேனியத்தையும் கொண்டு இயங்கும் புதிய வடிவங்கள். 2025 பிப்ரவரி நிதிநிலை அறிக்கை இதற்கு 20,000 கோடி ரூபாய் ஒதுக்கி, உள்நாட்டில் வடிவமைத்த ஐந்து சிறு உலைகளாவது 2033க்குள் இயங்க வேண்டும் என்று இலக்கு வைத்திருக்கிறது. ஆலோசகர் இந்த மூன்றையும் ஒரே படத்தில், ஒரே நிறத்தில் காட்டினார். எனக்கு உறுத்திய இடம் அதுதான், ஏனென்றால் ஒன்று நாற்பது ஆண்டு ஓடிய வண்டி, மற்ற இரண்டும் இன்னும் வரைபடத்தில் இருக்கும் வண்டிகள்.

எந்த இயந்திரத்துக்கும் என் முதல் கேள்வி, ஓடுகிற இடத்தைக் காட்டுங்கள் என்பதே. உலகம் முழுவதும் 80க்கும் மேற்பட்ட சிறு உலை வடிவங்கள் பேசப்படுகின்றன. உண்மையில் மின்சாரம் தந்துகொண்டிருப்பவற்றை விரல் விட்டு எண்ணிவிடலாம். ரஷ்யாவின் வடகிழக்கு மூலையில் பெவெக் என்ற துறைமுகத்தில் அகாதெமிக் லொமனோசொவ் என்ற மிதவை நிற்கிறது. அதில் 35 மெகாவாட் உலைகள் இரண்டு. 2020 முதல் முறையான உற்பத்தியில் இருக்கிறது. பனிக்கட்டி உடைக்கும் கப்பல்களில் பழகிய உலையின் வழிவந்தது என்பதால் அது ஓடுவதில் வியப்பில்லை. ஆனால் சாலையும் மின்கம்பியும் எட்டாத ஊருக்குச் செய்தது. அங்கே கட்டுப்படியாவது இங்கே கட்டுப்படியாகும் என்று சொல்ல முடியாது.

சீனாவின் ஷான்டோங் மாநிலத்தில் ஷிதாவ் விரிகுடாவில் இருக்கும் ஹெச்டிஆர்-பிஎம் என்ற உலைதான் என் கண்ணுக்கு மிக அழகான இயந்திரம். தண்ணீருக்குப் பதிலாக ஹீலியம் வாயு வெப்பத்தைச் சுமக்கிறது. எரிபொருள் 6 சென்டிமீட்டர் விட்டமுள்ள கிராஃபைட் உருண்டை, கைக்கு அடக்கமான சாத்துக்குடி அளவு. அதற்குள் பல அடுக்குப் பூச்சு போட்ட யுரேனியத் துகள்கள் ஆயிரக்கணக்கில் பொதிந்திருக்கின்றன. இரண்டு உலைகள் சேர்ந்து ஒரே 210 மெகாவாட் டர்பைனைச் சுழற்றுகின்றன. 2023இல் இரண்டையும் வேண்டுமென்றே குளிர்விப்பு இல்லாமல் விட்டுச் சோதித்தபோது, யார் கையும் படாமல் தானாகவே வெப்பம் தணிந்தது. ஆனால் கட்டத் தொடங்கியது 2012இல், முறையான உற்பத்திக்கு வந்தது 2023 டிசம்பரில். பதினொரு ஆண்டுகள். அர்ஜென்டினாவின் காரெம் என்ற 30 மெகாவாட்டை ஒட்டிய உலைக்கு 2014இல் கான்கிரீட் ஊற்றினார்கள். பத்தாண்டுகள் கடந்தும் அது முடியவில்லை. தொழிற்சாலையில் செய்து லாரியில் ஏற்றி மூன்றாண்டில் ஓட்டலாம் என்ற கையேட்டு வாசகத்துக்கு இதுவரை எந்த ஊரும் சான்று தரவில்லை.

இந்த இடத்தில்தான் நம்முடைய பழைய 220 மெகாவாட் உலை தலைநிமிர்ந்து நிற்கிறது. ராவத்பாட்டா, கல்பாக்கம், நரோரா, கக்ரபார், கைகா என்று ஐந்து ஊர்களில் அதே வகை உலைகள் கட்டப்பட்டிருக்கின்றன. கல்பாக்கத்தின் முதல் அலகு 1984இலும் இரண்டாவது 1986இலும் உற்பத்திக்கு வந்தவை. கைகாவின் முதல் அலகு 2016 மே மாதம் தொடங்கி 2018 டிசம்பர் 31 வரை, 962 நாட்கள் ஒரு முறைகூட நிற்காமல் ஓடி அப்போதைய உலக சாதனையைப் படைத்தது. ஓடிக்கொண்டிருக்கும்போதே எரிபொருளை மாற்றும் வசதி இருப்பதால்தான் இது முடிந்தது. இயற்கை யுரேனியத்தை அப்படியே பயன்படுத்துவதால், செறிவூட்டலுக்காக வெளிநாட்டைப் பார்த்துக் காத்திருக்க வேண்டியதில்லை. இந்த ஒரு குணத்துக்காகவே நான் அதற்கு அதிக மதிப்பெண் கொடுக்கிறேன். ஆலை நடத்துபவருக்குப் பாகம் உள்ளூரில் கிடைக்குமா என்பதைவிட முக்கியமான கேள்வி வேறு இல்லை. இறக்குமதி பர்னர் வாங்கிவிட்டு ஒரு சென்சாருக்காக ஏழு வாரம் ஆலையை நிறுத்தி வைத்தவன் சொல்கிறேன்.

விலைக்கு வருகிறேன். கொதிகலன் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். மணிக்கு ஒரு டன் நீராவி தரும் கொதிகலனுக்கும் ஐந்து டன் கொதிகலனுக்கும் சான்றிதழ் பெற்ற ஆபரேட்டர் ஒருவர் வேண்டும்; ஆய்வாளர் வந்து பார்ப்பதும் ஆண்டுக்கு ஒரு முறை உள்ளே இறங்கித் துப்புரவு செய்வதும் இரண்டுக்கும் ஒன்றே. ஆகவே பெரியது எப்போதும் டன் கணக்கில் மலிவு. உலகம் ஐம்பது ஆண்டுகளாக அணு உலைகளைப் பெரிதாக்கிக்கொண்டே போனதற்கு இதுவே காரணம். சிறு உலைக்கும் கட்டுப்பாட்டு அறை வேண்டும், காவல் வேண்டும், மூன்று ஷிஃப்டுக்கும் உரிமம் பெற்ற பொறியாளர்கள் வேண்டும்.

இதற்குச் சிறு உலைக்காரர்கள் சொல்லும் பதில் எங்கள் பழைய வேலூர் மாவட்டத்துக்காரர்களுக்குப் புரியக்கூடியதே. ஆம்பூர் ஷூ தொழிற்சாலையில் வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு அனுப்பும் சாம்பிள் ஜோடியின் அடக்க விலையைக் கேட்டால் மயக்கம் வரும். லாஸ்ட் என்ற பாத வடிவ அச்சைச் செதுக்க வேண்டும், வெட்டும் டை செய்ய வேண்டும், கைதேர்ந்த ஒருவர் இரண்டு நாள் உட்கார்ந்து தைக்க வேண்டும். அதே ஷூ இருபதாயிரம் ஜோடிக்கு ஆர்டராகி வரிசையில் ஓடும்போது விலை தரைக்கு இறங்கிவிடும். சிறு உலையும் அப்படித்தான், முதல் சில உலைகள் சாம்பிள், பிறகு வருபவை வரிசை உற்பத்தி என்கிறார்கள். வாதம் சரியானது. ஆனால் சாம்பிள் கொடுத்து ஆர்டர் கைவிட்டுப்போன கதைகளும் ஆம்பூரில் உண்டு. அமெரிக்காவின் நியூஸ்கேல் நிறுவனத்துக்கு நேர்ந்தது அதுவே. யூட்டா மாநிலத்துச் சிறு மின்வாரியங்கள் சேர்ந்து 77 மெகாவாட் உலைகள் ஆறு வாங்க இருந்தன. ஆயிரம் யூனிட்டுக்கு 58 டாலர் என்று சொன்ன விலை, 2023 தொடக்கத்தில் அரசு மானியத்தைக் கழித்த பின்னும் 89 டாலராக உயர்ந்தது. நம் கணக்கில் யூனிட்டுக்கு ஏழு ரூபாய்க்கு மேல். போதிய பங்குதாரர்கள் சேரவில்லை. 2023 நவம்பரில் திட்டம் கைவிடப்பட்டது. வாங்க இருந்தவர்கள் யார் என்று பாருங்கள்: எங்களைப்போலக் குழுவாகச் சேர்ந்த சிறிய நுகர்வோர்கள்தான்.

கனடாவில் டார்லிங்டன் என்ற இடத்தில் 300 மெகாவாட் உலைகள் நான்கு கட்ட ஒன்டாரியோ மாகாணம் 2025இல் ஒப்புதல் அளித்தது. மதிப்பீடு 20.9 பில்லியன் கனடிய டாலர். ரூபாயில் மாற்றினால் மெகாவாட்டுக்கு நூறு கோடி ரூபாய்க்குக் குறையவில்லை. நம் நாட்டில் 700 மெகாவாட் கனநீர் உலைகள் பத்துக்கு அரசு ஒப்புதல் அளித்த தொகை 1,05,000 கோடி ரூபாய், அதாவது மெகாவாட்டுக்கு 15 கோடி. கூலியும் நாணய மதிப்பும் வேறு, கணக்கிடும் முறையும் வேறு என்று எத்தனை கழிவு கொடுத்தாலும் இந்த இடைவெளி மறையாது. நம்மிடம் இருக்கும் பழைய வடிவம் எவ்வளவு பெரிய சொத்து என்பதை அந்த இரண்டு எண்களும் சொல்லிவிடுகின்றன.

பாதுகாப்பைப் பற்றிப் பேசும்போது ஒரு இரவைச் சொல்ல வேண்டும். எட்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு கார்த்திகை மாத மழை இரவில், விறகுக் கொதிகலன் முழுத் தீயில் இருந்தபோது மின்சாரம் போயிற்று. ஜெனரேட்டர் பிடிக்கவில்லை; நீரேற்றும் பம்பு நின்றுவிட்டது. உலைக்குள் சவுக்குக் கட்டைகள் செக்கச்செவேலென்று எரிந்துகொண்டிருக்க, கேஜ் கிளாஸில் நீர்மட்டம் கண்ணெதிரே இறங்கிக்கொண்டிருந்தது. எங்கள் ஆபரேட்டர் கோவிந்தன் அண்ணன் என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். “முதலாளி, தீய வாரி வெளியே போட்டுடலாம், யோசிக்காதீங்க” என்றார். இரண்டு பேர் நீண்ட வாருகோலால் எரிகட்டைகளை இழுத்துச் சிமெண்டுத் தரையில் தள்ள, நான் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு அந்தக் கண்ணாடிக் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். தீ வெளியே வந்த பிறகும் உள்ளே செங்கல் சுவரில் இருந்த வெப்பத்தால் அழுத்தமானி முள் வெகு நேரம் இறங்காமல் நின்றது. கைப்பம்பில் நீரேற்றித்தான் அதைத் தணித்தோம்.

அணு உலையைப் பற்றி ஆலோசகர் சொன்னதை நான் கோவிந்தன் அண்ணனிடம் விளக்கியபோது அவர் கேட்ட முதல் கேள்வி, “அதுல தீய வாரிப் போட முடியுமா முதலாளி?” என்பது. பொறியியல் பாடநூல் ஒரு அதிகாரம் முழுவதும் சொல்வதை அவர் ஒரே வரியில் கேட்டுவிட்டார். முடியாது என்பதே பதில். அணுப்பிளவை ஓரிரு நொடியில் நிறுத்திவிடலாம்; ஆனால் பிளவில் பிறந்த துகள்கள் தாமே சிதைந்து வெப்பத்தை வெளியிட்டுக்கொண்டே இருக்கும். நிறுத்திய கணத்தில் அது முழு வெப்பத்தில் ஆறு ஏழு விழுக்காடு, ஒரு நாள் கழித்து அரை விழுக்காடு. 220 மெகாவாட் உலையின் வெப்பத்திறன் 750 மெகாவாட்டுக்குச் சற்று அதிகம். ஆகவே நிறுத்திய கணத்தில் ஏறத்தாழ 50 மெகாவாட், மறுநாள் ஏறத்தாழ 4 மெகாவாட் வெப்பம் உள்ளேயே உற்பத்தியாகும். எங்கள் மூன்று டன் கொதிகலன் முழுத் தீயில் தருவது 2 மெகாவாட். தீயை அணைத்த பிறகும் இருபத்தைந்து கொதிகலன்கள், மறுநாளும் இரண்டு கொதிகலன்கள் எரிவதற்கு அது சமம். 2011இல் ஃபுகுஷிமாவில் ஆழிப்பேரலை ஜெனரேட்டர்களை மூழ்கடித்தபோது வென்றது இந்த வெப்பமே.

சிறு உலையின் உண்மையான சிறப்பு இங்கேதான் இருக்கிறது, விலையில் இல்லை. உலை சிறிதாகச் சிறிதாக, எஞ்சும் வெப்பம் குறைந்து, அதை வெளியேற்றும் பரப்பு ஒப்பீட்டில் கூடுகிறது. ஓர் அளவுக்குக் கீழே பம்பும் மின்சாரமும் இல்லாமல் இயற்கைச் சுழற்சியாலேயே வெப்பம் வெளியேறிவிடும்படி வடிவமைக்க முடியும். ஷிதாவ் விரிகுடாவில் அதைச் செய்து காட்டினார்கள். நம்முடைய 220 மெகாவாட் உலையும் இந்தச் சோதனையைச் சந்தித்திருக்கிறது, திட்டமிட்டு அல்ல. 1993 மார்ச் 31 அன்று நரோராவில் டர்பைன் தகடு உடைந்து தீப்பிடித்து, நிலையத்துக்குள் மின்சாரமே இல்லாமல் பல மணி நேரம் கழிந்தது. அப்போது ஊழியர்கள் தீயணைப்புக்கான டீசல் பம்புகளை ஓட்டி நீராவிக் கலங்களுக்கு நீர் ஏற்ற, உலைக்குள் நீர் தானே சுழன்று வெப்பத்தைக் கொண்டுபோனது. கதிர்வீச்சு வெளியேறவில்லை. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை கல்பாக்கத்தின் பம்பு நிலையத்துக்குள் புகுந்தபோதும் ஓடிக்கொண்டிருந்த அலகைப் பத்திரமாக நிறுத்தினார்கள். இந்த இரண்டு நிகழ்வுகளையும் நான் குறையாகக் காணவில்லை. இயந்திரமும் அதை இயக்கும் மனிதர்களும் சேர்ந்து ஒரு கெட்ட நாளைக் கடந்திருக்கிறார்கள் என்பதற்கான சான்று எந்தக் கையேட்டிலும் அச்சிட முடியாதது. புதிய 55 மெகாவாட் உலை வடிவத்தில் இதைவிடப் பாதுகாப்பானதாக இருக்கலாம். ஆனால் அதற்கு இன்னும் ஒரு கெட்ட நாள்கூட வரவில்லை.

அடுத்தது தண்ணீர். எங்கள் ஊருக்கு இந்த உலை பொருந்துமா என்ற கேள்வி இங்கே பெரிய முட்டுக்கட்டையில் வந்து நிற்கிறது. 750 மெகாவாட் வெப்பத்தில் 220 மின்சாரமாகிறது என்றால், 500 மெகாவாட்டுக்கு மேற்பட்ட வெப்பத்தை எங்கேயாவது கொட்ட வேண்டும். கடற்கரையில் கடல் வாங்கிக்கொள்ளும். உள்நாட்டில் குளிர்விப்புக் கோபுரம் கட்டி நீரை ஆவியாக்க வேண்டும். நான் போட்ட கணக்கில் முழுத் திறனில் ஓடும் நாளொன்றுக்கு ஒன்றரைக் கோடி லிட்டர் ஆவியாகும். பன்னிரண்டாயிரம் லிட்டர் டேங்கர் லாரியில் கொண்டுவந்தால் ஒரு நாளைக்கு 1,250 லாரிகள். பாலாற்றில் 2021 நவம்பரில் வந்த வெள்ளத்தை எல்லோரும் பார்த்தோம். அதை வைத்து நீர் இருக்கிறது என்று யாரும் கணக்கெழுதிவிடக் கூடாது. ஆண்டின் பெரும்பகுதி அது மணல்தான். குடிநீருக்கே மேட்டூரிலிருந்து காவிரி நீரைக் குழாயில் கொண்டுவரும் மாவட்டம் இது. நீரில்லாத ஆறு உள்ள ஊர் என்று வேலூரைச் சொல்லும் பழைய பேச்சு சும்மா வந்ததல்ல.

இதற்கு வழியே இல்லை என்று சொல்ல மாட்டேன். அமெரிக்காவின் அரிசோனாப் பாலைவனத்தில் பாலோ வெர்டே என்ற பெரிய அணுமின் நிலையம், பீனிக்ஸ் நகரப் பகுதியின் சுத்திகரிக்கப்பட்ட கழிவுநீரைக் கொண்டே குளிர்விக்கப்படுகிறது. வேலூர், ஆற்காடு, ராணிப்பேட்டை மூன்று நகரங்களின் பாதாளச் சாக்கடை நீரையும் ஒழுங்காகச் சேர்த்துச் சுத்திகரித்தால் 55 மெகாவாட் உலைக்குத் தேவையான முப்பத்தைந்து, நாற்பது லட்சம் லிட்டர் கிடைக்கக்கூடும். ஆனால் அப்படிச் சுத்திகரித்த நீர் கிடைத்தால் அதன் மீது முதல் உரிமை இந்த ஆற்றங்கரைத் தென்னைக்கும் நெல்லுக்கும்தான் என்பது என் கருத்து. நாங்கள் தோல் தொழில்காரர்கள் இந்த நிலத்தடி நீருக்கு ஏற்கெனவே பட்ட கடன் போதும்.

கடன் என்ற சொல்லை எழுதிவிட்டேன். அதைப் பற்றியே சொல்ல வேண்டும், ஏனெனில் இந்த மதிப்பீட்டில் எனக்கு மிக முக்கியமான கேள்வி அதுவே. எங்கள் ஆலையிலிருந்து சைக்கிளில் போகும் தொலைவில், 1990களில் மூடப்பட்ட ஒரு ரசாயன ஆலையின் வளாகம் இருக்கிறது. தோலுக்கான குரோமிய உப்புக்கு மூலப்பொருள் செய்த ஆலை. மூடியபோது அது விட்டுச்சென்ற குரோமியக் கழிவு லட்சம் டன்னுக்கு மேல். மழை பெய்தால் அந்தக் குவியலின் அடியிலிருந்து கசியும் நீர் மஞ்சளாக வரும். தண்ணீரில் மஞ்சள்தூள் கரைத்தாற்போல அழகான நிறம். முதல்முறை பார்ப்பவர்கள் ஏதோ பூ கரைந்திருக்கிறது என்று நினைப்பார்கள். அந்தப் பக்கத்தில் கிணறு வைத்திருந்த ஒரு விவசாயி என் தந்தையாரின் நண்பர். ஒரு கண்ணாடி டம்ளரில் தன் கிணற்று நீரை மொண்டு எங்கள் அலுவலக மேசையில் வைத்துவிட்டு, “பாருப்பா, இதத்தான் எங்க மாடு குடிக்குது” என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த டம்ளர் இரண்டு நாள் அந்த மேசையிலேயே இருந்தது. எடுக்க யாருக்கும் கை வரவில்லை. ஆலை மூடிப் பல பத்தாண்டுகள் ஆன பிறகும் அந்தக் குவியலை யார் செலவில் எப்படி அகற்றுவது என்ற பேச்சு நீண்டுகொண்டே இருந்தது.

ஆகவே அணு உலைக் கழிவைப் பற்றி நான் கேட்பது அது எவ்வளவு அபாயமானது என்பதைவிட, உலையை நடத்தியவர் கடையைக் கட்டிய பிறகு அதற்குப் பொறுப்பாக யார் நிற்பார் என்பதே. அளவைப் பார்த்தால் அணுக்கழிவு வியக்கத்தக்க அளவு சிறியது. 220 மெகாவாட் உலை ஓர் ஆண்டு ஓடினால் ஏறத்தாழ 35 டன் பயன்படுத்திய எரிபொருள் வெளிவரும். யுரேனியம் அத்தனை கனமானது என்பதால் அதன் பருமன் ஒரு சிறிய டெம்போவின் தொட்டிக்குள் அடங்கும். அதே மின்சாரத்தை நிலக்கரியில் எடுத்தால் நாளொன்றுக்கே மூவாயிரம் டன்னுக்கு மேல் எரிக்க வேண்டும், சாம்பல் தனி. நம் நாடு பயன்படுத்திய எரிபொருளை மறுசுழற்சி செய்கிறது. எஞ்சும் கடுமையான கழிவைக் கண்ணாடியில் உருக்கிச் சேர்த்துப் பாதுகாக்கிறது. இது நல்ல முறை. சிறு உலைகளில் ஒரு சிக்கல் கூடுதலாக உண்டு. உலை சிறிதாகும்போது நியூட்ரான்கள் ஓரத்தில் கசிந்து சுற்றியுள்ள எஃகையும் கதிரியக்கம் உள்ளதாக்கும். சில சிறு உலை வடிவங்களில் மின்சாரத்தோடு ஒப்பிட்டால் கழிவின் பருமன் பெரிய உலையைவிட இரண்டு முதல் முப்பது மடங்கு வரை கூடலாம் என்று 2022இல் அமெரிக்க தேசிய அறிவியல் அகாதமியின் ஆய்விதழில் வந்த கட்டுரை கணக்கிட்டது. உலை நிறுவனங்கள் அதை மறுத்தன. விவாதம் முடியும் வரை வாங்குபவர் பெரிய எண்ணை மனதில் வைத்துப் பேரம் பேசுவதே முறை.

பொறுப்பு என்ற விஷயத்தில் எங்கள் மாவட்டத்துக்கு ஒரு தனிப் பெருமை உண்டு. தோல் ஆலைகளின் கழிவுநீரை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற கொள்கையையும் முன்னெச்சரிக்கைக் கொள்கையையும் இந்தியச் சட்டத்தின் பகுதிகளாக நிலைநாட்டியது. அந்தத் தீர்ப்பால் எங்கள் ஆலைக்கு ஏற்பட்ட செலவு பெரிது. ஆனாலும் அது நியாயமான தீர்ப்பு என்று இன்று முழு மனதோடு சொல்கிறேன். அதே அளவுகோலைத்தான் உலைக்கும் வைக்கிறேன். 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய அணுசக்திச் சட்டம் தனியாருக்குக் கதவைத் திறந்திருக்கிறது. விபத்து நேர்ந்தால் நடத்துநர் ஏற்க வேண்டிய தொகைக்கு உலையின் அளவைப் பொறுத்து 100 கோடி ரூபாயிலிருந்து 3,000 கோடி வரை வரம்பு வைத்திருக்கிறது. சிறிய உலைக்குச் சிறிய வரம்பு. காகிதத்தில் இது பொருத்தமாகத் தோன்றலாம். எங்கள் குரோமியக் குவியலின் அருகே நின்று படித்தால் 100 கோடி என்பது மிகச் சிறிய தொகை. பயன்படுத்திய எரிபொருளை மறுசுழற்சி செய்யும் பணி அரசிடமே இருக்கிறது என்பது மட்டுமே எனக்கு ஆறுதல். பாரத் சிறு உலைத் திட்டத்திலும் நிலமும் நீரும் முதலீடும் தொழில் நிறுவனத்துடையவை, இயக்குவது இந்திய அணுமின் கழகம் என்ற ஏற்பாடு இருக்கிறது. இந்த ஏற்பாட்டை நான் வரவேற்கிறேன். எங்களைப்போன்ற ஆலைக்காரர்கள் கையில் அந்தச் சாவி இருக்கக் கூடாது.

நீராவியாக நேரடியாக வாங்கிக்கொள்ள முடியுமா என்பது எனக்கு ஆசையான கேள்வி. தோல் ஆலைக்குத் தேவை 170 டிகிரி நீராவிதான். கனநீர் உலை 250 டிகிரியில் தருகிறது. கல்பாக்கத்தில் உலையின் நீராவியைப் பயன்படுத்திக் கடல்நீரைக் குடிநீராக்கும் செயல்விளக்க நிலையம் சவ்வு முறையையும் சேர்த்து நாளொன்றுக்கு 63 லட்சம் லிட்டர் திறனில் அமைக்கப்பட்டது. ஆகவே நுட்பம் நம்மிடம் இருக்கிறது. ஆனால் நீராவியை நீண்ட தொலைவு குழாயில் அனுப்ப முடியாது. உலை ஆலைக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். ராணிப்பேட்டையில் ஆலைக்குப் பக்கத்தில் என்றால் வீடுகளுக்கும் பக்கத்தில் என்று பொருள். எல்லாத் தோல் ஆலைகளும் சேர்ந்தாலும் 750 மெகாவாட் வெப்பத்தைச் செலவழிக்க எங்களால் ஆகாது. 5 மெகாவாட் வெப்பம் தரும் வாயு உலை ஒன்றையும் பாபா மையம் ஹைட்ரஜன் உற்பத்திக்காக வடிவமைத்து வருகிறது. அளவில் அதுதான் எங்களுக்குப் பொருத்தம். என் பேரன் ஆலை நடத்தும் காலத்தில் அது கடைக்கு வரலாம்.

ஆகவே என் முடிவு இது. 220 மெகாவாட் பாரத் சிறு உலையை, வேலூர் மாவட்டத்திலோ ராணிப்பேட்டையிலோ அல்ல, கடற்கரையில் வைத்தால் நான் பங்கு எடுப்பேன். கல்பாக்கம் இங்கிருந்து நேர்க்கோட்டில் நூறு கிலோமீட்டர். கம்பியில் வரும் மின்சாரத்துக்கு அது ஒரு தொலைவே அல்ல, கடல் இருக்கிறது, நாற்பது ஆண்டுப் பழக்கமுள்ள பொறியாளர்கள் இருக்கிறார்கள். 200 மெகாவாட், 55 மெகாவாட் உலைகளுக்கு, திட்ட ஒப்புதல் கிடைத்ததிலிருந்து 60 முதல் 72 மாதங்களில் கட்டி முடிப்போம் என்கிறார்கள். அணுசக்தித் துறையின் சொந்த வளாகத்தில் முதல் அலகு ஓடி, இரண்டு முறை எரிபொருள் மாற்றி, அந்தக் கணக்குகள் வெளியாகும் வரை நான் காத்திருப்பேன். அதுவரை கூரையில் இன்னும் கொஞ்சம் தகடும், மாலை நேரத்துக்கு மின்கலமும் போடுவதாக இருக்கிறேன்.

ஆலோசகருக்கு இதைக் கடிதமாக எழுதி, விலைப்பட்டியலோடு சேர்த்து இரண்டு தாள்கள் அனுப்பும்படி கேட்டிருக்கிறேன். உலையைக் கலைப்பதற்கான நிதி எந்தக் கணக்கில், யார் பெயரில், முதல் யூனிட் விற்ற நாளிலிருந்தே சேரத் தொடங்குமா என்பது ஒரு தாள். பங்குதாரர்கள் பாதிப் பேர் ஆலையை மூடிவிட்டால் அந்த நிதிக்கு மீதியை யார் கட்டுவது என்பது மற்றொன்று. கையெழுத்துப் போடும் முன் அந்த இரண்டு தாள்களையும் கோவிந்தன் அண்ணனிடம் படித்துக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறேன்.